பாதியில் நின்ற கத்தீஷ்

அன்று மத்தியானம் ஃபைவிஷ் எங்கள் அறைக்குத் தனியாகத்தான் வந்தான். வாசலில் பூட்ஸைத் துடைத்துவிட்டு வந்தான், கண்ணுகளா. யூதர்களை வேலிக்குள் அடைத்துவைத்த கெட்டோவின் யூதப் போலீஸ்காரன், எங்களில் ஒருவன். கையில் ரப்பர் தடி.

நடுவில் தொங்கிய போர்வைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் சுவரோடு கட்டிய பெரிய கணப்படுப்பு. அதன் பின்னால், செங்கலுக்குள், கைத்துப்பாக்கிகளோடு ஐந்து இளைஞர்கள். கூடவே ரெப் நோசன், ஜெபாலயத்துப் பணியாளர். ஆயுள் முழுக்க அடுத்தவர் ஜெபத்துக்கு ஆமென் சொன்ன வாய்.

“உள்ள யாரு இருக்கா, அக்கா?”

“எலி இருக்கு. அதுக்கும் வேலை அட்டை கேப்பியா?”

சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. “சாயங்காலத்துக்குள்ள ஆளைக் காட்டலன்னா என் பொண்டாட்டியைச் சாவு முகாம் ரயில்ல ஏத்திடுவான் ஜெர்மன்காரன்.”

சுவரைத் தட்டவில்லை. தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்பைப் பார்த்து நின்றான்.

“ரெப் நோசன், உங்க பையன் வெல்வலைக் காலையில சுட்டுட்டாங்க. கத்தீஷ் சொல்ல ஆளில்ல. நான் சொல்றேன்.”

பச்சைப் பொய். வெல்வல் வேலிக்கு வெளியே தோட்டா தேடி அலைந்துகொண்டிருந்தான்.

இறந்தவருக்கான அந்த வேண்டுதலின் முதல் வரியைச் சொன்னான். கேட்பவர் ஆமென் சொல்லவேண்டிய இடத்தில் நிறுத்தினான்.

கருகிய உருளைக்கிழங்குத் தோல் வாசம். எங்கோ சொட்டும் நீர்.

சுவருக்குள்ளிருந்து, உடைந்த குரலில்:

“ஆமென்.”

ஃபைவிஷ் விசில் ஊதினான்.

துப்பாக்கியைத் திருப்பக்கூட அந்தப் பொந்தில் இடமில்லை. கரி பூசிய முகங்களாக எல்லோரையும் வெளியே இழுத்தார்கள் ஜெர்மானியர்கள். போர்வைக்கு இந்தப் பக்கத்துக்காரி என்று என்னை விட்டுவிட்டார்கள். கிழவர் ஃபைவிஷின் முன்னால் நின்றார்.

“பாதியில விட்டுட்டியேப்பா. முடி. பதில் சொல்லாம நான் போக மாட்டேன்.”

முற்றத்தில் வெடிச்சத்தம். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

இலை உதிரும் காலத்தில் ஜெர்மானியர்களுக்கு யூதப் போலீஸ்காரர்களும் வேண்டாமற்போனார்கள். ஃபைவிஷ் மனைவி ஸ்லாட்டாவை இழுத்துக்கொண்டு ஓடி வந்தான். ஒருமுறை பிரித்த பொந்தை மறுபடி யார் பார்ப்பார்கள் என்பது அவன் கணக்கு.

“காட்டிக் குடுத்துடாதே, அக்கா.”

நான் காட்டிக் கொடுக்கவில்லை. செங்கலைக்கூட நானே அடுக்கினேன்.

வந்தார்கள். போர்வையைக் கிழித்தார்கள். என் வேலை அட்டையைப் பார்த்துத் திருப்பித் தந்தார்கள். கடைசி பூட்ஸ் படியிறங்கியது.

“ஆமென்.”

நிதானமாக, தெளிவாக. ரெப் நோசனின் குரல்.

பூட்ஸ் நின்றது.

திரும்பி ஏறியது.

வெளியே இழுத்தபோது ஃபைவிஷின் இரண்டு கைகளும் அவன் வாயையே இறுகப் பொத்தியிருந்தன. விரல்களைப் பிரித்தெடுத்தார்கள்.

“நான் மனசுக்குள்ளதானே ஜெபிச்சேன், ஸ்லாட்டா...”

அவள் அவனைப் பார்க்கவேயில்லை.

போர் முடிந்தபின் ஒருமுறை அங்கே போனேன். அறையில் புதிதாக ஒரு கிறிஸ்தவப் பெண். நல்லவள், தேநீர் கொடுத்தாள்.

“வசதியான அறைதான். ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபிச்சா, எனக்கு முந்தி ஒரு கிழவர் ஆமென் சொல்றாரு.”

அடுப்பைப் பார்க்காமல் குரலைத் தாழ்த்தினாள்.

“கொஞ்சம் கழிச்சு இன்னொருத்தன். வாயைப் பொத்திக்கிட்டுச் சொல்ற மாதிரி.”