அப்டேட்டுக்குப் பிறகும் ஓடிய படகு

கணினி விளையாட்டின் 'மொட்' பட்டியலில் எல்லாம் சிவப்பாகிக் கிடக்க, ஒன்று மட்டும் பச்சையாக இருந்தது. றுவைஸுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

நாசமாய்ப் போன அப்டேட், கேட்காமலே காலையில் இறங்கி, விளையாடுகிறவர்கள் மாதக்கணக்காய்த் தாங்களே செய்து சேர்த்த மொட் என்னும் கூடுதல் பகுதிகள் அத்தனையையும் 'பொருந்தாது' என்று தள்ளிவிட்டது. படகோட்டும் அந்த விளையாட்டுக்குள் றுவைஸ் திருகோணமலைத் துறைமுகத்தையே ஒரு மொட்டாகச் செய்து வைத்திருந்தான். அதில் வரும் படகுக்காரனுக்குத் தம்பி முனாப் ஏழு வசனம் பேசிக் கொடுத்தான். பேசிய இரண்டாம் மாதம் புல்மோட்டைக் கடலில் காணாமல் போனான். குரலைப் பதிந்த போனும் அவனோடு போயிற்று. மிச்சம் மொட்டுக்குள் இருக்கும் குரல்தான். உம்மா தினமும் அஸர் தொழுதுவிட்டு வந்து, இந்தக் கதிரையில் உட்கார்ந்து அதைக் கேட்பார். அது அழிந்தால் அவருக்கு என்ன பதில் சொல்வது?

பச்சையைக் கண்டு சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பழைய பதிப்புக்குச் செய்தது, ஒரு திருத்தமும் இல்லாமல் புதியதில் எப்படி ஓடும்?

போன் அடித்தது. கப்பல்துறையிலிருந்து அப்ராஸ். இந்த மொட்டை ஒருநாளும் விடாமல் விளையாடுகிறவன்; றுவைஸை அண்ணன் முறையில் 'காக்கா' என்பான்.

"காக்கா, உங்கட தம்பி 'வாறன்' எண்டு சொல்றாரு."

"அது பழைய வசனம்தானே. வெளிக்கிடக்குள்ள 'போறன்' எண்டா சொல்லுவாங்க?"

"ஓம், தெரியும். ஆனா படகு போகல்ல காக்கா. கரைக்கு வருது."

அப்டேட் திசையைக் குழப்பியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விளையாட்டைத் திறந்தான். வெளியே மழை இருட்டு. ஜன்னல் சாத்தியிருந்தும் டீசலும் பாசியும் கலந்த துறைமுக வாடை மெல்ல மெல்ல அறையை நிறைத்துக்கொண்டிருக்க, திரையில் அந்தப் படகு எஞ்சின் சத்தமே இல்லாமல் இறங்குதுறையை நோக்கி வந்தது.

"கயித்தப் புடிங்க."

எட்டாவது வசனம். முனாபின் குரலேதான். யா அல்லாஹ், அவன் வாயிலிருந்து ஒரு புதுச் சொல்! அழுகை முட்டியது. பயமும்.

"நான் புடிச்சிட்டன் காக்கா," என்று போனில் அப்ராஸ் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு தண்ணீர் அலம்பும் சத்தம்.

"அப்ராஸ்? டேய்!"

தண்ணீர் மட்டும்.

படகில் இப்போது இரண்டு பேர்.

"கயித்தப் புடிங்க காக்கா." இது அப்ராஸ். போனிலிருந்து அல்ல.

மொட்டை அழித்துவிட வேண்டும். 'அழிக்கவா?' என்று திரை கேட்டது. விரல் நின்றது. தம்பியை இரண்டாம் தடவையும் கடலில் விடுவதா? அவனால் ஏலவில்லை.

பின்னால் காலடி. உம்மா.

"முனாப் புதுசா கதைக்கிறானா மகன்?" ஒரு வருடமாய்ப் பாராத மலர்ச்சி அவர் முகத்தில்.

"தொடாதீங்க உம்மா!"

"உம்மா," என்றது படகு. "கயித்தப் புடிங்க."

அவர் கை கீபோர்டுக்குப் போகவில்லை. திரைக்கே நீட்டினார். மணிக்கட்டு உள்ளே போனது. முழங்கை போனது. உம்மா சிரித்துக்கொண்டே இருந்தார்.

றுவைஸ் அவர் தோளைப் பிடித்து இழுத்தான். உள்ளேயிருந்து இரண்டு பேர் இழுத்தார்கள்.