பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

ஒருவரும் பேசாத அறையில், திரையின் ஓரத்தில் மைக்கின் ஒலியளவைக் காட்டும் பச்சைக் கோடு ஏறி இறங்கியது.

பிரியவதனி முதலில் அதைக் காற்றென்றே நினைத்தாள். நெடுந்தீவில் சோழகக் காற்று தொடங்கிவிட்டால் அதைத் தவிர வேறெதுவும் காதில் விழாது. காலையில் குறிகாட்டுவான் துறையில் படகேறியதிலிருந்து அது அவள் கூடவே வந்தது. ஒழுங்கை முழுக்கக் கடலின் முருகைக்கல்லால் கட்டிய மதில்களின் ஓட்டைகளுக்குள் புகுந்து ஊதியது. இப்போது இந்த வீட்டின் ஓட்டிடுக்குகளில் நுழைந்து, மேசையில் கிடந்த திருகாணிகளின் மேல் மெல்லிய மணலைத் தூவிக்கொண்டிருந்தது. அறைக்குள் உப்பு மணத்தது. அதற்கு அடியில் மூடிவைத்த அலுமாரியின் பழைய துணி மணமும், புது மதர்போட்டைப் பையிலிருந்து எடுத்தபோது எழுந்த கூர்மையான பிளாஸ்டிக் மணமும் இருந்தன.

காற்றுத்தான். அவள் ஹெட்செட்டின் மைக்கைக் கையால் பொத்தினாள். கோடு அசைந்துகொண்டே இருந்தது.

"முடிஞ்சுதோ பிள்ளை?" என்று வாசலில் நின்று கேட்டாள் சீதேவி. அவள் கையில் தேத்தண்ணி இருந்தது. அறைக்குள் அவள் கால் வைக்கவில்லை. காலையிலிருந்தே அப்படித்தான்.

"முடியுது அக்கா. ஓஎஸ் போட்டிட்டன். இனி நீங்கள் பேசினா எழுதுற புரோகிராம் மட்டும்தான்."

"பழசு ஒண்டும் இதுக்குள்ள இல்லைத்தானே?"

இதை அவள் பலமுறை கேட்டுவிட்டாள். பிரியவதனி சலிக்காமல் மறுபடி சொன்னாள். "மதர்போட்டும் புதுசு, ஹாட் டிஸ்க்கும் புதுசு. பெட்டியும் ஃபானும்தான் பழசு. டிஸ்க் வெறுமையா வந்தது. நான்தான் எல்லாத்தையும் புதுசாப் போட்டனான்."

சீதேவி தலையாட்டினாள். தேத்தண்ணிக் கோப்பையை வாசற்படியில் வைத்துவிட்டு, விலகி நடந்தாள்.

அவளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். கணவர் சிவகுரு போன வருடம் தவறியபின் தனியாக இருக்கிறாள். வாதத்தில் கைவிரல்கள் எல்லாம் முடிச்சு விழுந்து கோணிப்போயிருந்தன. அதனால் தட்டச்சுச் செய்ய ஏலாது. ஆனால் அவளுடைய தொழில் எழுத்துத் தொழில். தீவை விட்டுப்போய்க் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற குடும்பங்கள் கேட்டால் மரண அறிவித்தல்களை முறையாக எழுதி இணையத்தளங்களுக்கு அனுப்புவாள். மைக்கில் அவள் சொல்லச் சொல்லக் கணினி எழுதும். மின்னல் அடித்துக் கணினி பழுதாகிவிட்டது என்று சொல்லித்தான் பிரியவதனியைக் கூப்பிட்டிருந்தாள். பிரியவதனி ஊர்காவற்றுறைக் கடையொன்றில் கணினி திருத்துபவள். கடல் கடந்து யாரும் வரமாட்டார்கள் என்பதால் அவளே ஒத்துக்கொண்டு வந்தாள்.

பழைய மதர்போட்டைக் கழற்றியபோது அதில் கருகிய தடம் எதுவும் இல்லை. வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. கடற்காற்று என்று நினைத்து அவள் பேசாமல் இருந்துவிட்டாள். டிஸ்க்கில் இருந்ததை மீட்டுத் தரலாம் என்று சொன்னபோது, "வேண்டாம்" என்று சீதேவி இரண்டையும் பிடுங்கிப் பழந்துணியில் சுற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

மத்தியானம் மதில் ஓரம் போய் நின்று பிரியவதனி வீட்டுக்குக் கதைத்தாள். வீட்டுக்குள் தொலைபேசிக்கு அலை கிடைக்காது. மகள் லக்சிகாவுக்கு நேற்றிரவிலிருந்து காய்ச்சல். "காய்ச்சல் விட்டிட்டுது, படுத்திருக்கிறாள், நீ யோசியாதை" என்றான் கணவன் நிசாந்தன். பின்னால் பிள்ளை ஏதோ பாட்டு முணுமுணுத்துக் கேட்டது. அந்தச் சத்தம் போதும் என்று அவள் மிச்ச வேலையைப் பார்க்க வந்தாள். பின்னேரப் படகைப் பிடித்துவிடலாம்.

புரோகிராமைத் திறந்து, ஹெட்செட்டை வாய்க்கு அருகே பிடித்துச் சொன்னாள். "வணக்கம். சோதிச்சுப் பாக்கிறன்."

வெள்ளைப் பக்கத்தில் அந்தச் சொற்கள் பிழையில்லாமல் வந்து நின்றன. நல்லது. அவள் குனிந்து பெட்டியின் பக்கத் தகட்டைப் பொருத்தத் தொடங்கினாள். திருகாணி ஒன்று மேசைக்கடியில் உருண்டது. அதைத் தேடி எடுத்து நிமிர்ந்தபோது பக்கத்தில் இன்னொரு சொல் இருந்தது.

யாழ்.

புள்ளியோடு, யாழ்ப்பாணம் என்பதைச் சுருக்கி எழுதுவது போல. காற்றின் இரைச்சலை இப்படிப் பிழையாக வாங்கியிருக்கும். அவள் அதை அழித்தாள். அடுத்த திருகாணியை இறுக்கினாள். கண் மட்டும் திரையை விட்டு விலகவில்லை. அதனால் எழுத்துகள் வருவதை இம்முறை நேரே பார்த்தாள். யாரோ ஆறுதலாகச் சொல்லச் சொல்ல, சொல் சொல்லாக வந்தன.

யாழ். புளியங்கூடலைப் பிறப்பிடமாகவும்

அவளுடைய கை நின்றது.

புளியங்கூடல் அவள் பிறந்த ஊர். அதை அவள் இந்த வீட்டில் சொல்லவில்லை. கரம்பொன்னிலிருந்து வருகிறேன் என்றுதான் சொன்னாள். கரம்பொன் அவள் கட்டிப்போன ஊர்.

மரண அறிவித்தல்கள் இப்படித்தான் தொடங்கும். சீதேவியக்கா குசினியில் நின்று ஏதாவது அறிவித்தலைச் சொல்லிப் பார்க்கிறாளாக்கும். மைக் அதை வாங்குகிறது. அப்படித்தான் இருக்கவேண்டும். அவள் எழுந்து குசினிக்குப் போனாள். அங்கே யாரும் இல்லை. அடுப்பில் கேத்தல் ஆறிக் கிடந்தது. பின் யன்னலால் பார்த்தாள். வெகு தூரத்தில், வேலிக்கப்பால், சீதேவி சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, வளவுக்குள் வந்த மாடொன்றைக் கலைத்துக்கொண்டு நின்றாள்.

அறைக்குத் திரும்பினாள். எழுத்துகள் அப்படியே இருந்தன. அவள் ஹெட்செட்டின் வயரைப் பிடித்துப் பெட்டியிலிருந்து இழுத்தாள். முனை கழன்று கையோடு வந்தது. அப்பாடா என்றிருந்தது.

அப்போது காற்று நின்றது.

மெதுவாகக் குறைந்து ஓயவில்லை. ஒரேயடியாக நின்றது. ஓடுகள் அடங்கின. பனையோலைகள் அடங்கின. அந்த நிசப்தத்துக்குள் கணினியின் ஃபான் மட்டும் சுழன்றது. வெளியே வெயில் மங்கி, யன்னலில் சாம்பல் நிறம் படிந்திருந்தது. அலுமாரிக்கும் சுவருக்கும் இடையே இருந்த நிழல், அதுவரை இல்லாத கனத்தோடு நின்றது.

பச்சைக் கோடு ஏறியது.

கரம்பொன்னை வதிவிடமாகவும்

"சீதேவியக்கா!" அவள் வாசலைப் பார்த்துக் கத்தினாள். "அக்கா! ஓடி வாங்கோ!"

சீதேவி மூச்சு வாங்க வந்து வாசலில் நின்றாள். திரையைப் பார்த்தாள். பின், அதுவரை வராத அறைக்குள் வந்து, கதிரையின் முதுகைக் கோணல் விரல்களால் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பவும் வந்திட்டுது," என்றாள்.

"என்ன வந்திட்டுது? ஆர் கதைக்கிறது?"

"தெரியாது பிள்ளை. எனக்கு ஒண்டும் கேக்கிறேல்லை. அது மட்டும் கேட்டு எழுதுது." அவள் கதிரையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அவரின்ர அறிவித்தலையும் இப்பிடித்தான் எழுதினது. அப்ப அவர் கிணத்தடியில குளிச்சுக்கொண்டு நிண்டவர். வாளிச் சத்தம் எனக்குக் கேட்டது. நான் பழைய அறிவித்தல் ஏதோ கலந்து வருது எண்டு நினைச்சன். பேரைக் கண்ட உடன கரண்ட் வயரைப் புடுங்கினன். திரை இருண்டிட்டுது. பிறகு போட்டுப் பாக்க, மிச்சம் முழுக்க எழுதி முடிஞ்சிருந்தது. அண்டு பின்னேரம் அவர் இல்லை."

"ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"சொன்னா வந்திருப்பீரோ? மின்னல் இல்லை, நான்தான் இதுக்குள்ள கடல் தண்ணியை அள்ளி ஊத்தினனான். உள்ளுக்க இருந்ததெல்லாத்தையும் மாத்தினாப் போயிடும் எண்டு நம்பினன். எனக்கு வேற பிழைப்பு இல்லை பிள்ளை." அவள் திரையை மறுபடி பார்த்தாள். "புளியங்கூடல், கரம்பொன். இது ஆர்?"

"நான்," என்றாள் பிரியவதனி.

சொன்ன பிறகுதான் மற்றது நினைவுக்கு வந்தது. பிரசவத்துக்கு அவள் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பெருமழை. தெரு முழுக்க வெள்ளம். வாகனம் வருவதற்கு முன்னரே, புளியங்கூடலில் அந்த வீட்டு அறையிலேயே பிள்ளை பிறந்தது.

"என்ர மகளும்," என்றாள். "அவளும் அங்கதான் பிறந்தவள். அவளுக்குக் காய்ச்சல்."

தொலைபேசியை எடுத்தாள். அலை இல்லை. மதிலடிக்குப் போகவேண்டும். ஆனால் அவள் போய்வருவதற்குள் இங்கே பெயர் விழுந்துவிடும்.

"தாரும் இங்க," என்று சீதேவி தொலைபேசியை அவள் கையிலிருந்து வாங்கினாள். "நான் எடுத்துக் கேக்கிறன். நீர் இதைப் பாரும்." அந்த வயதில் அவள் அப்படி ஓடுவாளென்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பிரியவதனி தனியே நின்றாள்.

திரையில் புதிதாக எதுவும் வரவில்லை. எழுத்துக்குறி மட்டும் மினுங்கியது. ஃபான் சுழன்றது. அவள் கையில் ஹெட்செட் தொங்கியது. அதன் வயர் எதிலும் பொருந்தாமல், முனை தரையில் உரசிக்கொண்டிருந்தது. ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஹெட்செட்டைத் தூக்கிக் காதில் வைத்தாள்.

குரல் இருந்தது.

ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பவரின் நிதானம் அதில் இருந்தது. துக்கமும் இல்லை, அவசரமும் இல்லை. மிக அருகில் இருந்தது. கழுத்துக்குப் பின்னால், தோள்மூட்டுக்குச் சற்று மேலே.

"கொண்ட," என்றது.

கொண்ட, என்று திரை எழுதியது.

அடுத்தது பெயர்.

குரல் மூச்சை இழுத்தது. ஈரமான, நீளமான மூச்சு. பிடரியில் அந்தக் குளிர் பட்டது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் பெயர் விழுந்துவிடும். மூச்சு நிறைந்தது. நின்றது. நாக்கு அண்ணத்தைத் தொடும் சின்ன ஒலி. ல என்று தொடங்கப்போகிற ஒலி.

"பிரியவதனி!" என்று அவள் கத்தினாள். மைக்கை வாயோடு அழுத்திக் கத்தினாள். "பிரியவதனி நிசாந்தன்! நான்! நான்தான்!"

பச்சைக் கோடு உச்சிக்கு ஏறி இறங்கியது.

பிறகு திரை எழுதியது.

பிரியவதனி நிசாந்தன் அவர்கள் இன்று இறைவனடி சேர்ந்தார்.

அவளுக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. கதிரையில் விழுந்தாள். பரவாயில்லை. அவள் போகட்டும். பிள்ளை இருக்கட்டும். நிசாந்தன் பார்த்துக்கொள்வான். அம்மா இருக்கிறா. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். குரல் முடிக்கவில்லை. அவளுடைய பெயரை எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் வாங்கிக்கொண்டு அதே நிதானத்தில் போய்க்கொண்டிருந்தது.

அன்னார், காலஞ்சென்ற குலசிங்கம் மற்றும் அன்னபூரணம் தம்பதிகளின் அன்பு மகளும்,

அப்பா செத்து நெடுங்காலம். அம்மா இருக்கிறா. சரி.

நிசாந்தனின் அன்பு மனைவியும்,

அவர் இருக்கிறார். சரி. எல்லாம் சரி. ஒவ்வொரு சொல்லாய்ப் பார்த்தாள். மூச்சு விடவில்லை. எழுத்துக்குறி அடுத்த வரிக்கு இறங்கியது. நின்றது. மினுங்கியது.

காலஞ்சென்ற

"இல்லை," என்றாள்.

காலஞ்சென்ற லக்சிகாவின்

"இல்லை. இல்லை. நான் சொன்னனான். நான்தான் எண்டு சொன்னனான்!"

காலஞ்சென்ற லக்சிகாவின் பாசமிகு தாயாரும் ஆவார்.

அவள் விசைப்பலகையை அடித்தாள். அழிக்கும் விசையை விடாமல் அழுத்தினாள். ஒரு எழுத்தும் அழியவில்லை. ஹெட்செட் தரையில் விழுந்தது. அங்கிருந்தும் குரல் கேட்டது.

யன்னலுக்கு வெளியே, சாம்பல் வெளிச்சத்தில், மதிலோரம் சீதேவி தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றாள். கேட்டுக்கொண்டு மட்டும் நின்றாள். பிறகு கோணல் விரல்களால் சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, மதிலோடு சரிந்து, மெதுவாகத் தரையில் அமர்ந்தாள். வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பி யன்னலைப் பார்த்தாள். பார்த்தவள் கண்கள் பிரியவதனியின் முகத்தில் நிற்கவில்லை. அவளுக்குச் சற்றுப் பின்னால், தோள்மூட்டுக்கு மேலே போய் நின்று, அப்படியே விரிந்தன.