மிஷினுக்குள் சிவப்புத் தண்ணீர்

வெள்ளிக்கிழமை. காலை 11.40.

கீர்த்தனா சுவிட்சைப் போட்டாள். டிஷ்வாஷர் மூன்று முறை கத்தியது. கசிவு என்று எச்சரிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. அடியில் எங்கோ மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தொடர்ந்து மூன்றாவது வெள்ளிக்கிழமையாக இந்தக் கூத்து. இரண்டு தடவை வந்த மெக்கானிக் தண்ணீரைத் துடைத்துவிட்டு, "துரு மாதிரி இருக்கு" என்று சொல்லிப் போனதோடு சரி.

கீர்த்தனா திரும்பினாள். ஒன்பது வருடமாக அந்த வீட்டில் வேலை பார்க்கும் சண்முகவள்ளி, துடைப்பத்தோடு தரையைப் பார்த்தபடி நின்றாள். குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன என்று கீர்த்தனாவுக்குத் தோன்றியது.

பகல் 2.05.

இந்தத் தடவை வந்தவள் ஜீவிதா. ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் நாலு கேள்வி கேட்கிற ரகம்.

"கடைசியா எப்ப ஓட்டுனீங்க?"

"புதன்கிழமை. ஒரு தொந்தரவும் இல்ல."

"தண்ணிக் குழாய்?"

"நேத்துச் சாயங்காலமே மூடிட்டேன். வேணும்னேதான் மூடுனேன். ஒரு சொட்டு உள்ள போகாம எப்படிக் கசியும்? யாராச்சும் ஊத்துனாத்தான் உண்டு."

கெட்டிக்காரிதான் என்று ஜீவிதா நினைத்துக்கொண்டாள்.

"காலைல இங்க யார் இருந்தா?"

"வள்ளியக்கா மட்டுந்தான். எங்க வீட்டுக்காரரு எட்டு மணிக்கே கிளம்பிட்டாரு. நான் பேங்க்ல பெர்மிஷன் போட்டுட்டுப் பதினொன்னரைக்கு வந்தேன்." கீர்த்தனா குரலைத் தாழ்த்தவில்லை. "மிஷின் வந்துட்டா வேலை போயிரும்னு பயம் அவுங்களுக்கு. வெளியே இருந்து ஊத்துன தண்ணின்னு எழுதிக் குடுங்க. இன்னையோட நிப்பாட்டிர்றேன்."

சண்முகவள்ளி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த விரலிடுக்குகளில் புதுத்தோல் வளர்ந்திருந்ததை ஜீவிதா பார்த்தாள்.

"கைல என்னக்கா?"

"சேத்துப்புண்ணு. பாத்திரம் கழுவிக் கழுவி எந்நேரமும் வெந்து கெடக்கும். மிஷின் வந்தபெறகு ஆறிருச்சு."

ஜீவிதா கீழ்ப்பலகையைக் கழற்றினாள். அடித்தட்டில் ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர். சிவப்பாக இருந்தது. டிஷ்யூ காகிதத்தில் ஒற்றி எடுத்தாள்.

"துரு," என்றாள் கீர்த்தனா.

"தட்டு பிளாஸ்டிக் மேடம். எது துருப்பிடிக்கும்?"

டார்ச்சைப் பின்பக்கம் அடித்தாள். கழிவுக் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையின் கீழே, மிஷின் முதுகில் ஒரு சிவப்புக் கோடு காய்ந்திருந்தது. எழுந்து அலமாரியைப் பார்த்தாள். மிளகு டப்பாவுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சுண்ணாம்பு டப்பா.

"வீட்டுல வெத்தலை போடுறது யாரு?"

"யாருமில்லையே."

"ஒரு எலுமிச்சம்பழம் குடுங்க."

பகல் 2.30.

நாலு சொட்டுச் சாறு காகிதத்தில் விழுந்தது. சிவப்பு மறைந்தது. பளிச்சென்று மஞ்சள் வந்தது.

"துருவா இருந்தா இப்படி மஞ்சளாகாது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா சிவக்கும், புளிப்பு பட்டாத் திரும்ப மஞ்சளாயிரும்," என்றாள் ஜீவிதா. "இது ஆலாத்தித் தண்ணி."

சண்முகவள்ளி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நாந்தான் ஊத்துனேன்."

"பாத்தீங்களா? நான் அப்பவே..."

"செத்த இருங்க மேடம். கெடுக்கணும்னு நெனைக்கிறவங்க ஆலாத்தி எடுப்பாங்களா? எதுக்குக்கா சுத்துனீங்க?"

"மிஷின் வந்தன்னைக்கு ஆசையாத் தொட்டுப் பாத்தேன். 'கண்ணு வச்சுராதீங்கக்கா'ன்னுச்சு கீர்த்தனா பாப்பா. சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லுச்சு. எனக்குப் பக்குனு ஆயிருச்சு. என் கையை ஆத்துன மிஷின். அது என் கண்ணு பட்டுக் கெடலாமா? அதான் வெள்ளிக்கிழமை தவறாமச் சுத்துனேன். தெருவுல கொட்டப் போனா, மிஷினுக்கா ஆலாத்தின்னு எல்லாரும் சிரிப்பாக. அந்த ஓட்டைல ஊத்துனா சாக்கடைக்குப் போயிரும்னு நெனச்சேன்."

"போகல. முதுகு வழியா இறங்கி அடித்தட்டுல நின்னுருச்சு. அங்க தண்ணி நின்னாலே மிஷின் கசிவுன்னு கத்தும். விளக்கு எரிஞ்சதும் என்ன செஞ்சீங்க?"

"என் கண்ணுதான்னு நெனச்சு, அடுத்த வாரம் இன்னும் நெறையக் கரைச்சேன்."

ஜீவிதா தட்டைத் துடைத்தாள்.

"நான் வந்து அரை மணி நேரமாச்சு மேடம். இவங்க ஒரு தடவைகூட மிஷினை நிமிந்து பாக்கல. நீங்க திருட்டு முழின்னு நெனச்சிருப்பீங்க. கண்ணு பட்டுரும்னு பயம் அவங்களுக்கு. தண்ணிய ஊத்துனது இவங்க, ஊத்த வச்சது உங்க வார்த்தை."

கீர்த்தனாவுக்கு முகம் சுட்டது. ஒன்பது வருடத்தில் தன் வார்த்தையை ஒருத்தி இவ்வளவு சுமப்பாள் என்று அவள் நினைத்ததே இல்லை.

ஜீவிதா சர்வீஸ் தாளை நீட்டினாள். காரணம் என்ற இடத்தில், 'உபயோகிப்பவர் தவறு.' பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது. "இதுல பேர் எழுதணும். யார் பேரு?"

கீர்த்தனா பேனாவை வாங்கித் தன் பெயரை எழுதினாள்.

பகல் 2.55.

குழாயைத் திறந்தார்கள். சுவிட்சைப் போட்டார்கள். சிவப்பு விளக்கு எரியவில்லை. உள்ளே தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது. சண்முகவள்ளி அப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீர்த்தனா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆறிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிமிந்து பாருங்கக்கா," என்றாள். "ஆசை தீரப் பாருங்க."