ரோஜாவைத் தின்ற கல்

"எங்க அண்ணியே திருடிட்டாங்க சார். வெளியில சொன்னா வெட்கக்கேடு" என்று சொல்லிக்கொண்டே பவுடர்க்காரர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். முகப்பவுடர் செய்யும் சின்னத் தொழிற்கூடம் அவருடையது. அண்ணன் காலமான பிறகு அங்கே வாசனை கலப்பது அண்ணிதான்.

எதிரே இருந்த துப்பறிவாளரை எல்லாரும் நிதானம் என்றே கூப்பிடுவார்கள். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். கூடவே அலையும் அவர் மைத்துனன் அதற்கு நேர் எதிர். "யார்கிட்ட வித்தாங்க?" என்று அதற்குள் பாய்ந்தான்.

நடந்தது இதுதான். ஒரு குப்பி ரோஜா எண்ணெயை முழுசாகப் பவுடரில் ஊற்றிக் கலக்கியதாக அண்ணி சொல்கிறார். குப்பி காலி. பவுடரிலோ வாசனை மருந்துக்குக்கூட இல்லை. ஆனால் அவர் கை கழுவிய தொட்டியில் மட்டும் ரோஜா மணம் தூக்கியது.

"தொட்டிகிட்ட நின்னு வேற பாட்டில்ல ஊத்தியிருக்காங்க. அவங்க பெட்டியைக் கொட்டிப் பார்த்தேன், கிடைக்கல. இப்ப கோவிச்சுக்கிட்டு ஊரை விட்டே கிளம்புறாங்க."

மூவரும் தொழிற்கூடத்துக்குப் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலருகே அண்ணி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் திறந்த பெட்டி, அள்ளிப் போட்ட துணிகள்.

"என் கையாலதான் ஊத்தினேன். கலக்கும்போது டிரம்மே சுட்டுச்சு. இத்தனை வருஷத்துல அப்படி ஆனதில்ல. சொன்னா யாரு நம்புறா?" என்றார் அண்ணி.

"பொய்யைக்கூடப் பொருந்தச் சொல்லத் தெரியல" என்று மைத்துனன் காதைக் கடித்தான். நிதானம் அவனைக் கண்டுகொள்ளவில்லை. மூலையில் வாய் திறந்து கிடந்த மூட்டையைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார்.

"ஜியோலைட் சார். பவுடர்ல கலக்கிற கனிமம். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான கல், பொடிச்சு வருது. முகத்து எண்ணெய், வேர்வை நாத்தம் எல்லாத்தையும் இழுத்துக்கும்" என்றார் பவுடர்க்காரர்.

"ஏன் திறந்து வச்சிருக்கீங்க?"

"அவர் இருந்தப்பவே அப்படித்தான். காத்து படட்டும்பார். ஏன்னு நான் கேட்டதில்ல" என்றார் அண்ணி.

நிதானம் பக்கத்திலிருந்த மின்னடுப்பைத் திறந்து, உள்ளேயிருந்த தட்டை விரலால் தடவினார். வெள்ளைப் பொடி ஒட்டியது.

"இதுல எதை வறுத்தீங்க?"

"அந்தக் கனிமத்தைத்தான். மழை ஈரத்துல கட்டி தட்டியிருந்துச்சு. நல்லா வறுத்து, டப்பாவுல இறுக்கி மூடி, நான்தான் அண்ணிகிட்ட கொடுத்தேன். அதுக்கென்ன?"

"ஒரு கிண்ணமும் தண்ணியும் கொண்டு வாங்க. அண்ணியும் கிட்ட வரட்டும்."

வாசனையில்லாத பவுடரைக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டு, ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்க்கச் சொன்னார். ஒன்றுமில்லை. பிறகு தண்ணீரை ஊற்றினார்.

அடேயப்பா! கிண்ணம் உள்ளங்கையில் வெதுவெதுத்தது. ரோஜா மணம் எழும்பி அறையை நிறைத்தது. ஒரு தோட்டமே அந்த வெள்ளைக் குழம்புக்குள் மூச்சை அடக்கிக் காத்திருந்தது போலிருந்தது. மைத்துனன் கிண்ணத்துக்குள் மூக்கையே நுழைத்தான். நிதானமே கண்ணை மூடிக்கொண்டு சற்று நின்றார்.

"இந்தக் கல்லோட ஒவ்வொரு துகள்லயும் கண்ணுக்கே தெரியாத பொந்துங்க ஏராளம்" என்றார் பிறகு. "திறந்து வச்சா காத்து ஈரம் போய் அதுல குடியேறிடும். வாசனைக்கு உள்ள இடமிருக்காது, வெளியவே தங்கும். அண்ணன் காத்து படட்டும்னது அதுக்குத்தான். நீங்க வறுத்து ஈரத்தை விரட்டிட்டீங்க. பசியில கிடந்த கல்லு எண்ணெயையே விழுங்கிடுச்சு. விழுங்கும்போது சூடாகும், அதான் டிரம் சுட்டுச்சு. ஆனா தண்ணின்னா அதுக்கு உசிரு. தண்ணியைக் கண்டதும் ரோஜாவைக் கீழ இறக்கி விட்டுடும். அண்ணி கையில ஒட்டின பவுடர் தொட்டியில நனைஞ்சு மணத்தது அப்படித்தான். திருட்டும் இல்ல, திருடியும் இல்ல."

அண்ணி கிண்ணத்தில் விரலை நனைத்து முகர்ந்தார். "காரணத்தோடதான் சொல்லியிருக்கார்" என்று முணுமுணுத்தார். கண் நிறைந்துவிட்டது.

பவுடர்க்காரர் தலை குனிந்து நின்றார். "அண்ணி, பெட்டியை உள்ள எடுத்து வைக்கட்டுமா?"

"எடுத்து வைக்கலாம் தம்பி. கொட்டினது நீங்க. முதல்ல உட்கார்ந்து எல்லாத்தையும் மடிங்க."

அவர் தரையில் உட்கார்ந்து முதல் துணியை எடுத்தார். மடிப்பு கோணலாக வந்தது. அண்ணி அதைப் பிரித்து மறுபடி அவரிடமே கொடுத்தார்.