குடத்துக்குள் கேட்ட குரல்

அழுதுகொண்டு வருகிறவர்களை வேலுசாமி உடனே நம்பிவிட மாட்டார். ரயில்வே போலீஸில் காலம் தள்ளியவர். அழுகையிலும் கலப்படம் உண்டு என்று அவருக்குத் தெரியும். ஆனால் அண்ணனூரில் அவர் வீட்டு வாசலில் வந்து நின்ற சகாயமேரி அழவில்லை. அதனால்தான் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"ஐயா, எனக்குப் பைத்தியமா இல்லையான்னு நீங்க பாத்துச் சொல்லணும்."

"அதுக்கு டாக்டர் இருக்காரேம்மா."

"பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போக நாளைக்கு என் கொழுந்தன் வர்றாரு. உள்ளே போனா திரும்ப விடுவாங்களோ என்னமோ. அதுக்கு முந்தி நீங்க வந்து ஒரு பாட்டு கேக்கணும்."

விஷயம் இதுதான். அவள் புருஷன் பாஸ்கல் ஆவடி டாங்கி ஃபேக்டரியில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் வீடு. ஒரே மகள் ஞானகுமாரி, மாதா கோயிலில் பாடினவள், போன வருஷம் மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். அவள் பாடிய கேசட் ஒன்றுதான் மிச்சம். தினமும் சாயங்காலம் தாய் அதைப் போட்டுக் கேட்பாள். நவம்பரில் கல்லறைத் திருநாள் கழிந்ததிலிருந்து அந்தக் குரல் தன் மகள் குரல் இல்லை என்கிறாள்.

"பாட்டு அதேதான் ஐயா. ஆனா எம்பொண்ணு குடத்துக்குள்ள தலைய விட்டுக்கிட்டு பாடுறா. சொன்னா எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க."

வேலுசாமியின் மைத்துனன் உத்தமன் அம்பத்தூரில் கேசட் பதிவுக் கடை வைத்திருப்பவன். துப்பு என்றால் தின்கிற சோற்றை விட்டுவிட்டு ஓடிவருவான். "கேசட்ட மாத்திட்டானுங்கோ மாமே! அடிச்சு சொல்றேன்" என்றான்.

"கேட்டுட்டு அடி மச்சான்" என்றார் வேலுசாமி.

குவார்ட்டர்ஸ் கூடத்தில் உயரமான பலகை ஒன்று. அதில் மாதா சொரூபம், பக்கத்தில் டேப் ரெக்கார்டர், சுவரை ஒட்டி, முன்பக்கம் துணி அடித்த ஸ்பீக்கர் பெட்டி. பெட்டிக்குப் பின்னால் தினசரி காலண்டர் தொங்கியது. பாஸ்கல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வந்தவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி விஷயம் பேச அன்றைக்கே வந்திருந்த அவன் தம்பி அந்தோணிராஜ், மேனாம்பேட்டில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன், எல்லாவற்றையும் தானே பேசினான்.

"அண்ணி நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாத்தே. இப்ப செத்த பொண்ணு கொரல வேற எவ கொரலோன்னா, நாங்க இன்னா பண்றது?"

"பாட்டைப் போடும்மா. ஃபேனை நிறுத்து."

பாட்டு தொடங்கியது. பாஸ்கல் எழுந்து வெளியே போய்விட்டான்.

"எப்பவும் இப்படித்தான். ஒரு நாளும் முழுசா கேட்டதில்ல. கல்நெஞ்சு" என்றாள் சகாயமேரி.

வேலுசாமி பெட்டியைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். தபேலா அடி விழும்போதெல்லாம் காலண்டர் தாள் நடுங்கியது. பாட்டு முடிந்ததும் டேப் ரெக்கார்டரைத் திருப்பினார்.

"இதுக்கு பேட்டரி செல் போடுறதுண்டா?"

"இல்லீங்க, கரண்ட்லதான். செல்லு வாங்குனதே கிடையாது."

பின்மூடியைத் திறந்தார். உள்ளே புது செல்கள். மூடினார். பெட்டியின் துணியில் நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக ஏதோ வந்தது. முகர்ந்து பார்த்தார்.

"மெழுகுவர்த்தி ஏத்துவீங்களா?"

"மாதாவுக்குச் சின்ன பல்புதான். வீட்டுல மெழுகே கிடையாது."

வராந்தாவுக்கு வந்ததும் உத்தமன் குதித்தான். "தம்பிக்காரன்தான் மாமே! மைக் செட்டுக்காரன். நல்ல ஸ்பீக்கர உருவிக்கினு மட்டமானத வச்சிட்டான். அண்ணிய பைத்தியம்னா எவன் கேக்கப் போறான்?"

"ஆளை அப்புறம் பிடி. பெட்டியைப் பத்திச் சொல்லு."

"ஊட்ல வைக்கிற சின்னப் பொட்டில ரெண்டு ஜாதி. ஒண்ணு நாலு பக்கமும் காத்து போவாம அடச்சது. பேச்சு, பாட்டு சுத்தமா வரும், தபேலா அடி கம்மி. இன்னொண்ணுல ஓட்டை வுட்டுருப்பான். காத்து வெளிய வந்து அடி தூக்கும். ஓட்டை பின்பக்கம் இருந்து, பொட்டிய செவுத்துல ஒட்டி வச்சேன்னு வை, ஆளு கொரலும் சேந்து கொழகொழன்னு..."

உத்தமன் வாயை மூடிக்கொண்டான். "குடத்துக்குள்ள பாடுற மாரி" என்றான் மெதுவாக.

"உள்ளே வா."

வேலுசாமி பாஸ்கலையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். பெட்டியை முன்னால் இழுத்துத் திருப்பினார். பின்பலகையில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு வட்டமாக ஓட்டை.

"காலண்டரை ஆட்டினது இதுதான். சகாயமேரி, உனக்குப் பைத்தியம் இல்ல. கேசட் அதேதான். பெட்டிதான் வேற, பலகை புதுசு. முன்துணி மட்டும் பழசு, அதைக் கழட்டி இதுல அடிச்சிருக்காங்க."

அந்தோணிராஜ் எகிறினான். "என்னைய ஏன் மொறைக்கிற? நான் ஏன் மாத்தணும்?"

"நீ மாத்தல. காசுக்குத் திருடுறவன் துணியைப் பத்திரமாக் கழட்டி ஒட்டமாட்டான். அந்தத் துணியில மெழுகு சொட்டியிருக்கு. எப்பவும் கரண்ட்ல ஓடுற டேப்புல செல் கிடக்குது. கரண்ட் இல்லாத, மெழுகுவர்த்தி எரியற இடத்துக்குப் பெட்டி போய் வந்திருக்குது. குரல் மாறினதும் கல்லறைத் திருநாள்லேருந்துதான். கல்லறையில கரண்ட் ஏது பாஸ்கல்?"

பாஸ்கல் தலை கவிழ்ந்தான்.

"இவ கல்லறைக்கு வரமாட்டேன்னுட்டா. எம்பொண்ணு வீட்டுலதான் பாடுறா, மண்ணுக்குள்ள இல்லன்னா" என்றான். "எல்லாரும் குடும்பமா வந்து பூ போட்டு ஜெபம் சொல்றாங்க. அவ ஒருத்திக்கு நான் மட்டுமா? அதான் அவ பாட்டையே கொண்டுபோய்ப் போட்டேன். நானும் அங்கதான் கேக்கணும்னு நெனச்சேன். பாதியில மழை. டேப்ப மடியில போட்டு மூடிக்கிட்டேன். கொடை ஒண்ணுதான் இருந்துச்சு, அத பொட்டிக்கு மேல பிடிக்கல."

"பின்னே?"

"அவ தலைமாட்டுல எரிஞ்ச மெழுகுவர்த்திக்குப் பிடிச்சேன்."

வேலுசாமி அவன் பக்கம் திரும்பினார். "நனைஞ்சது தப்பில்ல. உன் துக்கத்தை மூடி வைக்க, இவளைப் பைத்தியமாக்கி அனுப்ப விட்டுட்டியே. அது தப்பு."

"பொட்டியத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்தா. அதே மாதிரி ஒண்ணு வாங்கி வச்சேன், பழகிடும்னு இருந்துட்டேன். நாளைக்குக் காலையில சொல்லிடலாம்னுதான்..." முடிக்கவில்லை. அவன் முடித்திருந்தாலும் வேலுசாமி நம்பியிருக்க மாட்டார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தான். உள்ளே பழைய பெட்டி. மகளுக்காக அவன் கையால் செய்தது. பலகை ஊதிப் பிரிந்திருந்தது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு சகாயமேரி விரல் பட்டதும் பிய்ந்து கையோடு வந்தது.

"புதுக் காகிதம் போட்டு, பலகைய ஒட்டித் தரேம்மா" என்றான் உத்தமன்.

"அதே குரல் வருமா?"

உத்தமனுக்கு வாயில் பொய் வந்தது. வேலுசாமி அவனைப் பார்த்தார்.

"கிட்டக்க வரும். அதே வராதும்மா" என்றான் உத்தமன்.

அவள் காகிதத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். கொழுந்தனிடம், "நாளைக்கு வர வேணாம்" என்றாள். பிறகு புருஷனிடம் கேட்டாள்.

"மழையில எதுவரைக்கும் பாடுனா?"

"ரெண்டாவது சரணம். பாதி."

சகாயமேரி புதுப் பெட்டியைச் சுவரை விட்டுத் தள்ளி வைத்தாள். கேசட்டை ஓட்டி, நிறுத்தி, கேட்டு, மறுபடி ஓட்டி, அந்த இடத்துக்குக் கொண்டுவந்தாள். வெளியே போக எழுந்த பாஸ்கலின் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"மீதியைக் கேளு."

வேலுசாமியும் உத்தமனும் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்கள். பின்னால் கேசட்டில் அந்தப் பெண் பாடிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு ஆம்பிளை அழுகை கேட்டது. வேலுசாமி திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அழுகையில் கலப்படம் இல்லை.