மருந்து விட வந்தவன்

தொட்டால் பெயர் சொல்ல வேண்டும். மூத்தவன் விரல் மேலே பட்ட கணமே இளையவன் தன் பதவியையும் பெயரையும் கூரை அதிரக் கத்த வேண்டும் என்பது அந்தப் படையின் வழக்கம். ஆனால் கண்ணில் மருந்து விட வந்தவனின் மணிக்கட்டைச் சார்ஜன்ட் பியோ கிதே பிடித்தபோது அவன் கத்தவில்லை.

"டேய் ஓக், வாயில என்ன கொழுக்கட்டையா?"

குளிர்ந்த இரண்டு விரல்கள் வலது இமையைப் பிரித்து ஒரு துளி விட்டன. பிறகு இடது கண்ணில் ஒரு துளி. காலடிச் சத்தமே இல்லாமல் ஆள் போய்விட்டான்.

வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று பியோ பல்லைக் கடித்தான். கட்டாய ராணுவச் சேவையில் அவனுக்கு இன்னும் இருபத்து மூன்று நாள்தான் பாக்கி. கண்ணாடி இல்லாத முகத்தோடு ஊர் போய்ச் சேர வேண்டும் என்று கடைசி விடுப்பில் சியோலில் லேசர் அறுவை செய்துகொண்டான். கருவிழியின் மேல்தோலைச் சீவி, புண் ஆறும்வரை காப்பாக ஒரு மெல்லிய லென்ஸால் மூடி அனுப்பினார்கள். ஐந்து நாளைக்கு அதன்மேல் விரல் படக் கூடாது, பட்டால் பார்வைக்கே ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்தார். மூன்றாம் நாள், வலி மண்டையைப் பிளந்த நேரத்தில், எல்லை முகாமிலிருந்து போன் வந்தது. எல்லோரும் உடனே திரும்ப வேண்டும். காரணம் சொல்லவில்லை. அப்பா காரில் கொண்டுவந்து வாசலில் விட்டார். கண் திறக்க முடியாதவனைக் காவல் நின்ற சிப்பாய் கைபிடித்துக் கூட்டிவந்து, காலியாகக் கிடந்த அறையில் படுக்க வைத்துப் போனான்.

ஓக் சான்யங் இருக்கும்போது என்ன கவலை? பியோவுக்குக் காலுறை துவைப்பதும் ராமென் நூடுல்ஸ் கிளறுவதும் அவன்தான். விடுப்புக்குக் கிளம்பிய அன்று ஓக்கின் கண்ணாடியைப் பிடுங்கி பூட்ஸ் காலால் நசுக்கி, "எனக்கே கண்ணாடி வேணாம்னு போறேன், உனக்கு எதுக்குடா?" என்று பியோ கேட்டதும் அறையே சிரித்தது. ஓக்கும் சிரித்தான். சிரிக்காமல் இருக்க அவனுக்கு ஏது உரிமை?

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி விரல்கள் வந்தன. இந்த முறை ஈரக் கம்பளி வாடையும், நாள்பட்ட பனியின் வாடையும், துருவின் வாடையும் சேர்ந்து வந்தன. துளி கெட்டியாக இருந்தது. கன்னத்தில் வழிந்து உதட்டுக்கு வந்தபோது உப்புக் கரித்தது.

கதவு திறந்தது. கார்ப்பரல் கில்லின் குரல்.

"பியோ சார்ஜன்ட், எப்ப வந்தீங்க?"

"என்ன எழவுன்னு லீவை ரத்து பண்ணாங்க?"

"யாரும் சொல்லலையா? நம்ம ஓக்… நேத்து வேலிப் படிக்கட்டுல பனி தள்ளப் போனான். கண்ணாடி இல்லல்ல. படின்னு நெனச்சு கால வச்சிருக்கான், அங்க படி இல்ல, நேரா பள்ளம்." கில் மூக்கை உறிஞ்சினான். "காலையிலதான் பொணத்தைக் கொண்டுபோனாங்க. கண்ணாடிய ஒடைச்சது யாருன்னு விசாரணை நடக்குது."

பியோவின் மனதில் முதலில் வந்தது அந்த இருபத்து மூன்று நாள்தான்.

"அவனே மிதிச்சுக்கிட்டான்னு சொல்லு. எல்லாரும் அதையே சொல்லணும்."

கில்லின் பூட்ஸ் கதவுப் பக்கம் நகரும் சத்தம் கேட்டது.

"சரி, எனக்கு மருந்து விட்டது யாரு?"

"காலையிலேருந்து நாங்க எல்லாரும் ஹால்லதான் இருக்கோம், சார்ஜன்ட்."

ஒலிபெருக்கி கில்லின் பெயரைக் கூப்பிட்டது. கதவு சாத்திக்கொண்டது.

பியோ சட்டைப் பையைத் தடவினான். பொத்தான் போட்டபடியே இருந்தது. உள்ளே, வரும் வழியில் அப்பா வாங்கித் தந்த புது மருந்துப் புட்டி. மூடியைச் சுற்றிய காகிதம்கூடக் கிழியவில்லை.

ஈரக் கம்பளி வாடை.

கதவு திறக்கவில்லை. காலடி இல்லை. வாடை மட்டும் நெருங்கியது. எழுந்திரு. ஓடு. எந்தப் பக்கம்?

தோளில் ஒரு கை பட்டது.

"சார்ஜன்ட் பியோ கிதே!"

அவன் வாய்தான் கத்தியது. முதல் நாள் சேர்ந்தவனைப் போல, முதுகு விறைக்க.

விரல்கள் வலது இமையைப் பிரித்தன. நகம் உள்ளே வந்தது. கருவிழியின் மேலிருந்து ஏதோ உரிந்தது. பியோ அலறினான். அலறலிலும் பதவியும் பெயரும்தான் வந்தன.

பிறகு பார்த்தான். நடுப்பகல் வெளிச்சத்தில், அத்தனை துல்லியமாக. ஒரு பக்கம் அமுங்கிப்போன தலை. மூக்கின் மேல் சில் இல்லாத, வளைந்த கண்ணாடிச் சட்டம். ஓக் தன் விரல் நுனியில் இருந்த லென்ஸை அந்தச் சட்டத்தில் கவனமாகப் பொருத்தினான். அதன் வழியே பியோவைக் கூர்ந்து பார்த்தான். மரியாதையாகத் தலையை ஆட்டினான்.

"இன்னும் தெரியல, சார்ஜன்ட்."

விரல்கள் மறுபடி இறங்கின. இந்த முறை இன்னும் ஆழத்துக்கு.