ஆடாத கை

படம் ஆடியிருக்க வேண்டும். ஆடவில்லை. யுகேஷுக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

வத்தேகமயில் இராஜேஸ்வரியின் மகளுக்குச் சடங்கு. மழையோடு கரண்டும் போய்விட, குத்துவிளக்கு வெளிச்சத்தை நம்பி, ஷட்டரை ஒரு முழு வினாடி திறந்துவைத்து, ஸ்டாண்ட் இல்லாமல் கையில் பிடித்தே எடுத்த படம். சந்தனமும் கற்பூரப் புகையும் ஈரக் குடைகளின் வாடையும் சேர்ந்து மூச்சை முட்டிய அந்த அறையில் எவன் கையும் கொஞ்சமாவது ஆடியிருக்கும். இவன் கமராத் திரையிலோ பிள்ளையின் கண்மைகூடக் கலங்காமல் நின்றது.

'நம்ம கைன்னா சும்மாவா' என்று மனதைத் தேற்றிக்கொண்டான். அடுத்த படத்துக்காக முதுகைச் சுவரில் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினான். இடது முழங்கைக்கு அடியில் ஏதோ வந்து தாங்கியது. சில்லென்றிருந்தது. சட்டென்று திரும்பினான். சுவர்தான். சட்டைக் கை மட்டும் நனைந்து, ஆற்றுப் பாசி நாறியது.

அந்த நாற்றத்தை அவன் மறந்துவிடவில்லை. போன மாதம் கலஹாவில், கல்யாணத்துக்கு முந்திய படத்துக்காக, துஷ்யந்தி என்ற பெண்ணை மருதாணிக் கையோடு ஆற்றின் நடுப்பாறையில் நிறுத்தியிருந்தான். மாப்பிள்ளை உடுப்பு மாற்றப் போயிருந்தான். மேலே மழை பெய்து ஆறு இரைந்து வருவது யுகேஷின் காதிலும் நன்றாக விழுந்தது.

"அண்ணே, தண்ணி ஏறுது. கையக் குடுங்க."

"அசையாம நில்லுங்க. ஒன்னே ஒன்னு."

கை கொடுக்கவில்லை. கமராவைப் பிடித்துக்கொண்டே நின்றான். அப்புறம், சொல்லச் சொல்லக் கேளாமல் அவளே இறங்கினாள் என்று ஊருக்குச் சொன்னான். செத்தவள் வந்து மறுக்கவா போகிறாள் என்ற தைரியம் அவனுக்கு. படுபாவி.

"தம்பி, ஆலாத்தி சுத்தப் போறோம். ரெடியா?" என்றாள் இராஜேஸ்வரி.

போதும், ஓடிவிடலாம் என்று கமராவை இறக்கினான். இறங்கவில்லை. இரண்டு முழங்கைகளையும் விலாவோடு சேர்த்து நெரித்தது ஒரு பிடி. கண்ணைத் தாழ்த்தினான். மருதாணி போட்ட கைகள். ஊறி வெளுத்த தோல். அவன் விரல் மேல் ஒரு விரல்.

க்ளிக்.

மூச்சை விடப் பார்த்தான். முடியவில்லை. கத்தப் பார்த்தான். அதற்கும் மூச்சு வேண்டும்.

காதோரம் ஈர உதடு.

"மூச்ச விடாதீங்க அண்ணே. படம் ஆடிரும்."

நெஞ்சு வெடித்தது. உள்ளே தண்ணீர். ஏறியது. தொண்டை. மூக்கு.

செம்மண் தண்ணீர் கமராவின் மேல் வழிந்து தரையில் கொட்டியது. இராஜேஸ்வரியின் கையிலிருந்த தட்டு நழுவியது. பெண்கள் பிள்ளையை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள்.

அவன் செத்தும் விழவில்லை. திறந்த கண் கமராவில் ஒட்டியிருக்க, மருதாணி விரலுக்கு அடியில் அவன் விரல் ஷட்டரை அழுத்திக்கொண்டே இருந்தது.